அறுபதுக்கு மேல் முதுமை

கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வருகிற ஒரு சின்ன ஊர். அதன் பேரூராட்சி அலுவலகத்தில் தொண்ணூறுகளில் தொடங்கிப் பல வருஷம் பிறப்பு இறப்புப் பதிவேட்டை நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இப்போது அந்த நாற்காலியில் இருக்கிறவருக்குத்தான் சங்கடம். நாங்கள் குடியிருந்ததும் அதே ஊரில்தான்: அம்மா, நான், என் மனைவி, கல்யாணத்துக்கு நின்ற தங்கை. அப்பா முன்னமே போய்விட்டார்.

பிறப்பைப் பதிய வருகிறவன் மிட்டாய் கொண்டு வருவான். இறப்பைப் பதிய வருகிறவன் மொட்டைத் தலையோடு வந்து, நாற்காலியைக் காட்டினாலும் உட்காராமல் நிற்பான். படிவத்தில் ‘இறப்புக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்துவிடுவார். எங்கள் ஊரில் வயதானவர்கள் வீட்டில்தான் இறந்தார்கள்; அவர்களுக்கு வீட்டார் சொல்வதுதான் காரணம். சின்ன வயது என்றால் நான் விவரமாகக் கேட்பேன். பாம்புக்கடியா, தீக்காயமா, பூச்சிமருந்தா? அறுபதைத் தாண்டிவிட்டால் கேட்பதில்லை.

“வயசாயிட்டு, போயிட்டாவ அண்ணாச்சி” என்று வந்தவன் சொல்லி முடிப்பதற்குள் ‘முதுமை’ என்று எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியிருப்பேன். முதுமைக்கு எங்கள் ஊரில் அவ்வளவு வேலை இருந்தது.

அதைச் சோம்பல் என்று சொன்னால் பாதிதான் சரி. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் நிலத்தை விசாரிப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் யார் எந்த நோயில் செத்தார்கள் என்று விசாரிப்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள், மருந்துக்கடையில் கேட்பார்கள். பேரூராட்சிக்கே வந்து என்னிடம் கேட்டவர்களும் உண்டு. என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, வாயில் புண் வந்து ஒரு வருஷம் கிடந்து செத்தாள். தங்கைக்கு வந்த முதல் வரன் ஜாதகம் பொருந்தி, பூ வைக்க நாள் குறித்த பிறகு, “அவிய வீட்டுல புத்துநோய் உண்டாம்” என்ற ஒரு பேச்சில் நின்றுபோனது. இரண்டாவது வரன் காரணமே சொல்லாமல் நின்றது. சொல்லாவிட்டாலும் எங்களுக்குத் தெரியாதா? ஆகவே, ‘முதுமை’ என்று நான் எழுதுவதால் எத்தனையோ வீட்டுப் பெண்களுக்கு வழி விடுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் அன்றைக்கு நானாக இருந்த அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது.

ஒரு வைகாசியில் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டரம்மா கடிதத்தோடு வந்தார். பத்து வருஷத்துப் பதிவேடுகளைக் கேட்டார். மின்விசிறி இல்லாத பதிவறையில் இரண்டு நாள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்தார்.

“சார், உங்க ஊர்ல அறுபது வயசுக்கு மேல யாருக்குமே புற்றுநோய் வராதா?”

“கரிசல் காத்துக்கு அதெல்லாம் அண்டாது மேடம்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு கோடு போட்ட தாளை எடுத்து வரைந்து காட்டினார். பெரிய நகரங்களில் வயதானவர்களின் புற்றுநோய்ச் சாவு வருஷா வருஷம் ஏறிக்கொண்டே வருகிறது என்று ஒரு கோடு. சில நாடுகளில் அதே மாதிரி ஏறி, இப்போது மெல்ல இறங்கத் தொடங்கியிருக்கிறது என்று இன்னொரு கோடு. காலத்தில் கண்டுபிடிப்பதும், புகையிலையை விடுவதும்தான் இறங்குவதற்குக் காரணம் என்றார். எங்கள் ஊருக்கு ஒரு கோடு போட்டார். அது தாளின் அடியில் தரையோடு தரையாகக் கிடந்தது.

“இது உண்மையா இருந்தா எனக்கு சந்தோஷம்தான் சார். ஆனா நோய் இல்லாததால இப்படி இருக்கா, கேக்காததால இப்படி இருக்கான்னு தெரியணும்” என்றார்.

வீடு வீடாகப் போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. தெரு காட்டவும் முகம் காட்டவும் நான் கூடப் போனேன். அவரிடம் ஒரு கேள்வித்தாள் இருந்தது. இறந்தவருக்குக் கடைசிக் காலத்தில் சோறு இறங்கியதா, வாயில் ஆறாத புண் இருந்ததா, மாரில் கட்டி இருந்ததா, உடம்பு திடீரென்று மெலிந்ததா? நான் ‘முதுமை’ என்று எழுதிய ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் கலர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். என்னிடம் ஒருநாளும் சொல்லாததை அவரிடம் சொன்னார்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஒருத்தரை வழியில் கேட்டேன். “நீங்க கேக்கலையே அண்ணாச்சி” என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல ஆகிவிட்டது.

பெண்களுக்கென்று ஒரு கேள்வி இருந்தது: மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடியும் உதிரம் போனதா? அதைக் கேட்கும்போது டாக்டரம்மா என்னை வாசலுக்கு அனுப்பிவிடுவார். ஒரு வீட்டில் வாசலில் நின்றாலும் பேச்சு காதில் விழுந்தது. மருமகள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எங்க அத்தை யாருட்டயும் சொல்லல மேடம். அவிய சேலைய அவியளே தனியா அலசுவாவ. நம்ம ஊருல பத்து நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது. நாள் தவறாம ரெண்டு வாளி செலவாச்சு. அத வச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சது.”

வெயிலில் நின்றிருந்த நான் திரும்பி அந்த வீட்டு வாளிகளைப் பார்த்தேன். ஏனென்றால் அந்த வருஷம் முழுக்க நான் என் அம்மாவோடு தண்ணீருக்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் தொட்டியையும் குடங்களையும் நிரப்பி, அடுத்த முறை வரும்வரை அளந்து அளந்து செலவழிக்கிற வீடு. அதில் அம்மா விடியுமுன் எழுந்து தனியாகத் துவைப்பாள், பகலில் இன்னொரு தடவை குளிப்பாள். “இந்த வயசுல என்னம்மா ரெண்டு குளியலு? லாரித் தண்ணிக்கு நாந்தான நிக்கணும்” என்று நான் கத்தியிருக்கிறேன். ஒருநாள் வாளியை அவள் கையிலிருந்தே வாங்கி வைத்தேன். வேர்க்குதுய்யா என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மகன் தாயிடம் இதை எப்படிக் கேட்பான்? எனக்குத் தெரியவில்லை. மனைவியைக் கேட்டேன். அவள் உலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“எனக்குப் பொங்கலுக்கே தெரியும். ஒங்கட்ட சொன்னா என் மூஞ்சியில முழிக்காதன்னுட்டாவ.”

“உனக்கு மட்டும்தான் தெரியுமா?”

“எனக்கு மட்டும்தான்னு சொன்னாவ. ஒங்க தங்கச்சி கல்யாணம் முடியுற மட்டும் பொறுத்துக்கன்னு கையப் பிடிச்சுக் கேட்டாவ. நான் என்ன செய்ய?”

தங்கைக்கு அப்போதுதான் புதியம்புத்தூரில் மூன்றாவது இடம் அமைந்திருந்தது. ஆயத்த ஆடை தைக்கிற குடும்பம். ஆவணியில் கல்யாணம், கோவில்பட்டியில் மண்டபம் சொல்லியாகிவிட்டது. தங்கைக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது.

ஜவுளி எடுக்கப் போகிறோம் என்று சொல்லி அம்மாவைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய் ஒரு பெண் டாக்டரிடம் காட்டினோம். சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த அன்று மறுபடி போனபோது டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

“கர்ப்பப்பை வாயில இருக்கு. இன்னும் வெளிய பரவல. நாளைக்கே மதுரைக்குப் போங்க. அஞ்சாறு வாரம் தினமும் கரண்டு வைப்பாங்க, ரேடியேஷன் வைத்தியம். இப்பப் போனா காப்பாத்தலாம். தள்ளிப் போட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.”

பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. கணக்குப் போட்ட மாதிரி பதில் வைத்திருந்தாள்.

“அஞ்சாறு வாரம் கல்யாண வீட்டுல தாயக் காணும்னா கேக்க மாட்டாவளா? மதுரைக்கு என்னத்துக்குப் போனான்னு ஒருத்தன் கேட்டா போதும். ஏற்கெனவே அக்கா பேச்சு இருக்கு. இப்ப என் பேச்சும் சேந்தா அவளுக்கு இனிமே எவன் வருவான்?”

“கல்யாணம் பெறகு நடக்கட்டும்மா.”

“ஏய்யா, ரெண்டு எடம் நின்ன பிள்ள அது. மூணாவதும் நின்னா அது உசிரோட இருக்குமா? எனக்கு மூணு மாசத்துல ஒண்ணும் ஆயிராது. ஆவணி முடியட்டும், நீ எங்க கூப்புட்டாலும் வாரேன்.”

கல்யாணத்தை ஆனி மாதத்துக்கே இழுத்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு மறுநாளே புதியம்புத்தூருக்குப் போனேன். மாப்பிள்ளையின் அப்பா தையல் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து பொத்தான் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“ஆனி முடிய இன்னும் மூணு வாரந்தான அண்ணாச்சி இருக்கு? என்ன இவ்வளவு அவசரம்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா? பெரியவியளுக்கு ஏதும்…”

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை அவசரப்படுத்தினால் வீட்டில் யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பதிவேடு எழுதுகிற எனக்கு அது தெரியாமலா? அவர் கண்ணைப் பார்த்தேன். நல்ல மனிதர்தான். அவரிடம் உள்ளதைச் சொல்லிப் பார்த்திருக்கலாம் என்று அன்றைக்கும் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. அம்மா நல்லா இருக்காவ. ஆவணியில மழை வந்துருமோன்னு பாத்தேன்” என்றேன்.

“நம்ம ஊருல ஆவணியில மழையா?” என்று சொல்லி அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மெஷினில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, சமையலுக்கு எத்தனை பேருக்குச் சொல்வது என்று பேசிவிட்டு பஸ் ஏறினேன். எட்டயபுரம் வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டார்.

ஆடி மாதம் முழுவதும் நான் எதுவும் செய்யவில்லை. அதை வேறு வார்த்தையில் சொல்ல முடியாது. தினமும் ஆபீசுக்குப் போனேன். டாக்டரம்மாவோடு தெருத் தெருவாகப் போய், எத்தனை மாதம் கழித்துக் காட்டினீர்கள், ஏன் தாமதம் என்று அவர் கேட்பதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவரிடம் என் வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மா இரண்டு வாளி அல்ல, நான்கு வாளி செலவழித்தாலும் கேட்காமல் லாரித் தண்ணீருக்குப் போய் வரிசையில் நின்றேன். என்னால் ஆனது அது ஒன்றுதான்.

கல்யாணத்தன்று அம்மா கருநீலச் சேலை கட்டியிருந்தாள். ஏன் அந்த நிறம் என்று எனக்கும் மனைவிக்கும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். தாலி இழந்தவள் மேடைப் பக்கம் வரக்கூடாது என்ற வழக்கத்தின் மேல் எனக்கு எப்போதும் எரிச்சல் உண்டு. அன்றைக்கு அதுவே எங்களுக்கு உதவி செய்தது. ஓரத்தில் ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்தே இருந்ததை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தாலி கட்டும்போது மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

மறுவீடு முடிந்த மறுநாள் மதுரைக்கு ரயில் ஏறினோம். கோவில்பட்டி டாக்டரின் சீட்டைப் பார்த்துவிட்டு மதுரையில் இருந்த டாக்டர் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“இந்த மூணு மாசம் எங்க இருந்தீங்க?”

அம்மாதான் சொன்னாள், “மகளுக்குக் கல்யாணம் வச்சிருந்தோம்யா” என்று. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது பெருமை. டாக்டர் பேனாவை மூடினார். மூத்திரப் பை வரைக்கும் போய்விட்டது, உதிரத்தை நிறுத்த மட்டும் கொஞ்ச நாள் கரண்டு வைக்கலாம் என்றார்.

பங்குனியில் அம்மா செத்தாள். கடைசி இரண்டு மாதம் வலியில் பல்லைக் கடித்துக் கடித்து ஒரு பல் உடைந்தது. அதற்குமேல் அந்த நாட்களை எழுத எனக்கு மனம் வரவில்லை. வயிற்றில் கட்டி என்று தங்கையிடம் சொல்லச் சொல்லியிருந்தாள். அப்படியே சொன்னோம். தங்கை வந்து வந்து அழுதுவிட்டுப் போனாள். ஒரு கேள்வி கேட்கவில்லை.

பதிவேட்டில் அம்மாவின் பெயரை நானே எழுதினேன். வயது அறுபத்து மூன்று. காரணம் என்ற கட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று முழுசாக எழுதினேன். செயல் அலுவலர் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து எல்லோரையும் கேட்க ஆரம்பித்தேன். வயது என்னவானாலும் நாற்காலியில் உட்காரவைத்து, சோறு இறங்கியதா, புண் இருந்ததா என்று கேட்டேன். சிலர் முறைத்தார்கள். ஒருவர், “செத்த பெறகுமாவே வைத்தியம் பாக்கீரு?” என்று கத்திவிட்டுப் போனார். பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டார் கெஞ்சினார்கள். இந்தத் தாளை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்து எழுதினேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வருஷா வருஷம் அந்தக் கட்டத்தில் புற்றுநோய் கூடிக்கொண்டே போனது.

எங்கிருந்தோ இது வெளியே தெரிந்து, எங்கள் ஊரில் முதியவர்களிடையே புற்றுநோய்ச் சாவு பெருகுகிறது என்று ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலை மருந்துதான் காரணம் என்று ஒரு கூட்டம், குழாய்த் தண்ணீர்தான் என்று ஒரு கூட்டம். செயல் அலுவலர் கூப்பிட்டு, “என்னய்யா இது, திடீர்னு இப்படி ஏறுது?” என்றார். நான் கேட்டதால் ஏறுகிறது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் முழுக்க அதனால்தானா என்று எனக்கே தெரியாது. முன்பு பேதியிலும் காசத்திலும் போனவர்கள் இப்போது பிழைத்துக் கிடந்து, வயதாகி இதில் அகப்படுகிறார்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எவ்வளவு நோயால் ஏறியது, எவ்வளவு என் கேள்வியால் ஏறியது என்று பிரிக்க என்னிடம் வழியில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். நான் கேட்டு எழுதிய எல்லோரும் செத்தவர்கள். என் கேள்வியால் ஒருத்தர்கூடப் பிழைக்கவில்லை.

அந்தச் செய்தி வந்த வாரம் தங்கை ஊருக்கு வந்திருந்தாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். தங்கை முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

“புதுசா வருதுன்னு போட்டிருக்காவ. முன்னாடியே இருந்ததுதானண்ணே?” என்றாள்.

“ஆமா.”

கொஞ்ச நேரம் பொறுக்கினாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“என் கல்யாணத்துக்கு முந்தின தீபாவளிக்கே எனக்குத் தெரியும்.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“கொடியில காயப்போட்ட சேலைய மடிக்கும்போது பாத்தேன். கேட்டதுக்கு, ஒனக்கு மட்டுந்தான் தெரியும், அண்ணங்கிட்ட மூச்சு விடாதன்னு அம்மா சொன்னாவ. பெரியம்மாவுக்கு வந்தது மாதிரிதான்னு தெரிஞ்சுபோச்சு. நான் பேசாம இருந்துட்டேன்.”

“நீ சின்னப் பிள்ளம்மா.”

“இருபத்தெட்டு வயசுண்ணே எனக்கு. ரெண்டு எடம் தட்டிப்போயிருந்தது. எனக்குக் கல்யாணம் நடக்கணும்னு இருந்துச்சு.” முறத்தைக் கீழே வைத்தாள். “நீ ஆபீசுல இதத்தான எழுதுத, எப்படியும் கண்டுபிடிச்சிருவ, கண்டுபிடிச்சுக் கல்யாணத்த நிறுத்திருவன்னு நெனச்சேன். நீ நிறுத்துனா என் மேல பழி இல்லல்லா. நீ புதியம்புத்தூருக்குப் போன அன்னைக்கு, நிறுத்தத்தான் போறன்னு நெனச்சு வாசல்லயே உக்காந்திருந்தேன். நீ சமையலுக்கு ஆள் சொல்லியாச்சுன்னு சொல்லிட்டே வந்த.”

எனக்கு அவள் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரே வீட்டில் மூன்று பெண்களும் ஓர் ஆணும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒன்றையே மறைத்து வைத்திருந்தோம்.

“அப்பவே மதுரைக்குப் போயிருந்தா அம்மா பொழச்சிருப்பாவளாண்ணே?”

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்களில் உயிரோடு இருந்தது நானும் அந்த இரண்டு டாக்டர்களும்தான். மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை. தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா” என்றேன். “நம்ம காட்டும்போதே முத்திப் போச்சு. எப்பப் போயிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு டாக்டரே சொன்னாவ.”

அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. “அப்படியா” என்று சொல்லிவிட்டு முறத்தை மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை.